இம்ப்ரெஷனிசம்: தமிழில் எப்படிச் சொல்வது?

லத்தீனில் பிரெமெரே என்றால் அழுத்துவது. அதன் முன்னால் 'உள்ளே' என்று பொருள்படும் ஒட்டு சேர்ந்து, பிரெஞ்சு வழியாக வந்த சொல்தான் இம்ப்ரெஷன். மெழுகில் முத்திரை பதிகிறதே, அந்தப் பதிவு. அப்புறம் மனதில் பதிவதற்கும் அதுவே பெயரானது.

இம்ப்ரெஷனிசம் என்கிற ஓவியப் பாணிக்கு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது கேலியில். 1874 ஏப்ரலில் பாரிஸில், புகைப்படக்காரர் நாடாரின் பழைய ஸ்டூடியோவில் நடந்த கண்காட்சியில், லு ஹாவ்ர் துறைமுகத்தை வரைந்த படத்துக்கு ஓவியர் க்ளோத் மோனே 'இம்ப்ரெஷன், சூரியோதயம்' என்று பெயர் வைத்திருந்தார். லூயி லெருவா என்ற விமர்சகர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அரைகுறைச் சுவர்த்தாள்கூட இதைவிட முழுமையாக இருக்கும் என்று எழுதி, கட்டுரைக்கு 'இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சி' என்று தலைப்பிட்டார். 1877 கண்காட்சியில் ஓவியர்களே அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் பெயருக்கு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1869 கோடையில் மோனேயும் இன்னொரு ஓவியரான ரெனுவாரும் பாரிஸுக்கு வெளியே, சேன் ஆற்றங்கரையில் லா க்ரெனுயேர் என்ற குளியல்துறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே காட்சியை வரைந்தார்கள். மோனேயின் படத்தில் தண்ணீரைப் பாருங்கள்: 'தண்ணீர் நிறம்' என்று ஒன்று இல்லவே இல்லை, வானத்தின் வெளிர்நீலம், மரநிழலின் கரும்பச்சை, படகின் பழுப்பு எல்லாம் படுக்கைவாட்டில் சின்னச் சின்ன அகலத் தீற்றல்களாக, ஒன்றோடொன்று குழைக்கப்படாமல் கிடக்கின்றன, கிட்டே போனால் வெறும் சாயத் திட்டுகள், நாலடி பின்னால் வந்தால் அலை அசைகிறது. ஆறு அப்படித்தான் இருக்கும் என்று அறிவு சொல்வதை விட்டுவிட்டு, அந்த நொடியில் கண்ணில் விழுந்த ஒளியை மட்டும் வைக்கிறார். தகரக் குழாயில் அடைத்த சாயம் 1840-களிலேயே வந்துவிட்டதால் வெளியில் நின்று வரைவதும் எளிதாகியிருந்தது. பிறகு அர்ஜான்தேய் ஊரில் இருந்தபோது மோனே ஒரு படகையே ஸ்டூடியோவாக்கிக்கொண்டு ஆற்றின் மேலிருந்தே வரைந்தார்.

சரி, தமிழில்? உணர்வுப்பதிவுவாதம் என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் 'உணர்வு' உறுத்துகிறது. ஓவியரின் சோகமோ கோபமோ படத்தில் கொட்டுவதாக அது நினைக்க வைக்கும். அது எக்ஸ்பிரஷனிசம் என்கிற வேறொரு ஓவியப் பாணியின் வேலை. 'வாதம்' வந்தால் ஏதோ தர்க்கம் நடப்பதுபோல் இருக்கிறது. மனப்பதிவியம் என்பதே பொருத்தம். அழுத்தும்போது பதிகிறது என்ற லத்தீன் வேரின் பொருள் 'பதி' என்ற நம் வினையிலேயே இருக்கிறது, கால் பதிந்த மணல் என்கிறோமே. வரைபவரை மனப்பதிவு ஓவியர் என்றால் போதும்.