அரைமண்டியில் விரியும் விசிறி: உதகைக் குளிரில் நடன உடை தைப்பதன் இயற்பியல்

பரதநாட்டிய உடையின் முன்புறத்தில் இடுப்பிலிருந்து கணுக்காலை நோக்கி இறங்கும் மடிப்புத் துணியை விசிறி என்கிறோம். ஆடுபவர் நேராக நிற்கும்போது அது ஒடுங்கிக் கிடக்கிறது. அரைமண்டியில் தாழ்ந்து முழங்கால்களைப் பக்கவாட்டில் திருப்பியதும் அகல விரிகிறது. எழுந்தவுடன் மடிப்புக் கலையாமல் மறுபடியும் ஒடுங்க வேண்டும். ஒரு கச்சேரி முடிவதற்குள் இது எத்தனையோ நூறு முறை நிகழ்ந்துவிடும். வெறும் பட்டுத் துணியால் இது எப்படி முடிகிறது என்பதை அறிந்துகொண்டால், சென்னையில் தைத்த உடை உதகைக்கு வந்து நான்கு நாளில் ஏன் தொளதொளத்துப் போகிறது என்பதும் விளங்கும். தையல் என்றதும் நம் நினைவுக்கு வருவது மிஷின்தான். ஆனால் விசிறியைப் பொறுத்தவரை வேலையில் பாதிக்கு மேல் இஸ்திரிப் பெட்டியிடம் இருக்கிறது.

தைத்த நடன உடை மிகப் பழையதன்று. முன்பெல்லாம் பைஜாமாவின் மேல் புடவையைக் கொசுவம் வைத்துச் சுற்றிக்கொண்டே ஆடினார்கள். 1936-இல் சென்னையில் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் போன்றோர் ஆடை அமைப்பில் கவனம் செலுத்திய பிறகு, கொசுவத்தையும் மேலாக்கையும் தனித்தனித் துண்டுகளாக வெட்டித் தைத்து, நாடாவாலும் கொக்கியாலும் பூட்டிக்கொள்ளும் முறை பரவலாயிற்று. கட்டிய புடவையில் கொசுவம் நழுவினால் இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம். தைத்த உடையில் அந்த இளக்கம் கிடையாது. உடல் எவ்வளவு அசையுமோ அவ்வளவையும் துணியை வெட்டும்போதே கணக்கில் எடுத்துக்கொண்டாக வேண்டும்.

விசிறியின் கணக்கு பள்ளிக்கூடத்து வட்டக்கணக்குதான். விசிறியின் நீளம் 24 அங்குலம் என்று கொள்வோம். அது விரியும்போது இடுப்பை மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு கூறு போல ஆகிறது. நுணுக்கமாகப் பார்த்தால் வடிவம் சற்று மாறும், ஆனாலும் துணி எடுக்க இந்தக் கணக்குப் போதும். இரு ஓரங்களுக்கும் இடையே 90 பாகை விரிந்தால் கீழ்க்கரையின் நீளம் சுமார் 38 அங்குலம். 120 பாகைக்குச் சுமார் 50 அங்குலம். முழுவதுமாகக் குந்தி அமரும் முழுமண்டியில் தொடைகள் ஏறத்தாழ ஒரே கோட்டுக்கு வந்துவிடுவதால், 180 பாகைக்கு 75 அங்குலம் தேவைப்படும். ஒரு பக்கமாகச் சாயும் சாதாரண மடிப்பில், வெளியே ஓர் அங்குலம் தெரிய வேண்டுமானால் மொத்தம் மூன்று அங்குலத் துணி செலவாகும். ஆகவே 36 அங்குலத் துணி 12 மடிப்புகளாகி 12 அங்குல அகலத்தில் அடங்கிவிடும். அதே 12 அங்குலத்துக்குள் 50 அங்குலத்தை அடக்க வேண்டுமென்றால் மடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். சில இடங்களில் ஐந்து அடுக்குத் துணி சேர்ந்துவிடும். இங்கேதான் தைப்பவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஆடுபவர் முழுமண்டியில் அதிகம் அமர்வாரா, அரைமண்டியோடு நிற்கும் சிறு பிள்ளையா என்று கேட்காமல் அளவு நாடாவை எடுப்பவரிடம் துணியைக் கொடுக்கத் தயங்குவேன்.

மடிப்பை எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிமீட்டர் தவறினாலும், 12 மடிப்பில் அது அரை அங்குலம் ஆகிவிடும். கீழே ஜரிகைக் கரை படிக்கட்டு போல ஏறி இறங்குவதற்கு இதுவே காரணம். இதைத் தவிர்ப்பதற்காக மடிப்புகளைக் கண்ணளவில் எடுக்காமல், தடித்த அட்டையில் ஓர் அங்குலப் பட்டை வெட்டி, அதன் மேல் துணியைத் திருப்பித் திருப்பி மடிக்கிறார்கள். கரையின் இரண்டு விளிம்புகளும் எல்லா மடிப்பிலும் ஒரே கோட்டில் விழுகின்றனவா என்று பார்த்தபின், மேலே, நடுவே, கீழே என மூன்று வரிசையில் வெள்ளை நூலால் நீளநீளமான கைத்தையல் ஓட்டிக் கட்டிவைக்கிறார்கள். இஸ்திரி முடிந்து துணி ஆறிய பிறகே இந்த நூல் பிரிக்கப்படும். பின்புறத்தில் மட்டும், மடிப்பின் உள்முனைகளைத் தொட்டுச் செல்லும் ஒரு தளர்ந்த நூலைச் சிலர் நிரந்தரமாக விட்டுவைப்பார்கள். விசிறி அளவுக்கு மீறி விரிந்து மடிப்பு கலைந்துவிடாமல் தடுக்கும் கடிவாளம் அது.

இனி மடிப்பு எப்படிப் பதிகிறது என்பதைப் பார்ப்போம். பட்டு என்பது ஃபைப்ராயின் என்ற புரதம். அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைப் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியே அவை வலுவற்றவை, ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். துணியில் ஈரமும் சூடும் சேர்ந்து ஏறும்போது நீர் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அப்பிணைப்புகளை அவிழ்க்கின்றன. சங்கிலிகள் சற்றே நகர்ந்து, வளைந்த நிலைக்கு ஏற்ப அமர்கின்றன. ஈரம் வெளியேறித் துணி ஆறும்போது அந்தப் புதிய நிலையிலேயே பிணைப்புகள் மீண்டும் உருவாகின்றன. மடிப்பைப் பதிப்பது சூடு மட்டுமன்று, சூட்டோடு ஈரமும், அதன்பின் முழுமையாக உலர்ந்து ஆறுவதும் சேர்ந்த மூன்று கட்ட வேலை. அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது கடைசிக் கட்டம்.

கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் இந்த மூன்றுமே கொஞ்சம் மாறுகின்றன. காற்றழுத்தம் குறைவாக இருப்பதால் தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்காமல், 92 அல்லது 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஈரத் துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்தால், ஈரம் இருக்கும் வரை துணியின் சூடு இந்தக் கொதிநிலையைத் தாண்டி அதிகம் ஏறாது. ஆகவே சமவெளியைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில்தான் பட்டு இளகுகிறது. இந்த வேறுபாட்டைப் பெரிதாக நினைக்க வேண்டியதில்லை, பெட்டியை ஒவ்வோர் இடத்திலும் சிறிது நேரம் கூடுதலாக வைத்தால் ஈடுகட்டிவிடலாம். பெரிய சிக்கல் உலர்வதில்தான் இருக்கிறது. தென்மேற்குப் பருவமழை இறங்கி, நாள் முழுவதும் மேகம் தெருவிலேயே நிற்கும் வாரங்களில், காற்று ஈரத்தை வாங்கிக்கொள்வதே இல்லை. மேலே உலர்ந்ததாகத் தோன்றும் மடிப்பின் உள்ளடுக்கில் ஈரம் தங்கிவிடும். அந்நிலையில் கட்டிவைத்த நூலைப் பிரித்தால் பிணைப்புகள் அரைகுறையாகவே உருவாகியிருக்கும். ஆகவே மேலே மெல்லிய பருத்தித் துணி விரித்து, நீராவி கொடுத்து, பின் ஈரமில்லாத சூட்டில் மறுமுறை அழுத்தி, அதன்மேல் கனத்த மரப்பலகையை ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுவதே இங்கு நம்பகமான முறை. தண்ணீரை நேரடியாகத் தெளித்தால் பட்டில் திட்டுத்திட்டாகக் கறை விழும்.

பதிந்த மடிப்பும் நிலையானதன்று. 65 சதவீத ஈரப்பதமுள்ள காற்றில் பட்டு தன் உலர்ந்த எடையில் சுமார் 11 சதவீத நீரை உள்வாங்கி வைத்திருக்கும். ஈரப்பதம் ஏற ஏற இந்த அளவும் ஏறி, தொட்டால் நனைந்ததாகத் தெரியாமலேயே 30 சதவீதம் வரை போகலாம். மடிப்பைப் பதித்த அதே நீர் இப்போது மடிப்பை அவிழ்க்கத் தொடங்குகிறது. பாலியெஸ்டர் உள்வாங்கும் நீரோ அரை சதவீதத்துக்கும் குறைவு. அதில் வைத்த மடிப்பு மூடுபனிக்கு அசையாது. சமவெளியின் வெக்கையில் வியர்வையை வாங்காது என்பதால் ஒதுக்கப்படும் பாலியெஸ்டர் செயற்கைப் பட்டு, பயிற்சி உடைக்கும் பள்ளி விழாவுக்கும் மலையில் பொருத்தமான துணி என்றே சொல்வேன். அரங்கேற்றத்துக்குக் காஞ்சிப் பட்டுதான் வேண்டும் என்பவர்கள் இஸ்திரிப் பெட்டியையும் அரங்குக்குக் கொண்டுபோவது நல்லது.

நூலோட்டம் அடுத்த செய்தி. நெய்த துணியில் நீளவாட்டு நூலான பாவும் குறுக்குவாட்டு நூலான ஊடையும் செங்குத்தாகக் குறுக்கிடுகின்றன. நூலின் திசையில் இழுத்தால் துணி அநேகமாக நீளாது. 45 பாகையில் இழுத்தால் நூல்களின் சதுரம் சாய்சதுரமாகச் சரிந்து, துணி நன்றாக நீளும். தையற்காரர்கள் கிராஸ் கட்டிங் என்பது இதைத்தான். விசிறியின் மடிப்புகள் நூலோட்டத்தோடு சரியாக ஒத்துப்போக வேண்டும். சில பாகை சாய்ந்தாலும் ஒவ்வொரு மடிப்பும் தன் எடையிலேயே முறுக்கிக்கொண்டு தொங்கும். நூலோட்டத்தின் அருமையை நீலகிரியில் தோடர் பழங்குடியினரின் பூவேலையைக் காட்டிலும் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த வேலைப்பாட்டில், துணியின் மேல் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணியெண்ணியே சிவப்பும் கறுப்புமான கோலங்களைப் பெண்கள் எழுப்புகிறார்கள். பட்டின் இழைகளை அப்படிக் கண்ணால் எண்ண முடியாது. ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, அது விட்டுச்செல்லும் மெல்லிய கோட்டைப் பார்த்து வெட்டுவதே பிசகாத வழி.

பைஜாமாவின் கவட்டுப் பகுதியில் கதை தலைகீழ். அங்கே துணி நீள வேண்டும். இரு கால்களின் தையலும் நான்கு திசையிலிருந்து வந்து ஒரே புள்ளியில் கூடுமானால், அரைமண்டியின் இழுவை முழுவதும் அந்த ஒரு புள்ளியில் விழுந்து, தையல் தெறிக்கும். அந்த இடத்தில் சாய்சதுர வடிவில் ஒரு தனித்துண்டை, இழுவை கிராஸாக விழும்படி வைத்துத் தைத்தால், ஒரு புள்ளியில் இருந்த சுமை நான்கு ஓரங்களுக்குப் பிரிந்துவிடுகிறது. ரவிக்கையின் அக்குளிலும் இதே உத்திதான். கைகளைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டும் நாட்டியாரம்ப நிலைக்கு உயர்த்தும்போது ரவிக்கை முழுவதும் மேலே ஏறிவந்தால், அக்குள் துண்டு இல்லை என்று பொருள்.

மிஷினின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். எலியாஸ் ஹோவ் 1846-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் இருந்த அடிப்படையே இன்றும் தொடர்கிறது: காது முனையில் உள்ள ஊசி துணியைத் துளைத்து இறங்கி, சற்றே மேலெழும்போது நூல் பின்புறத்தில் ஒரு சிறு கண்ணியாகப் புடைக்கிறது, கீழேயிருக்கும் கொக்கி (ஹோவின் இயந்திரத்தில் அது ஓடம்) அக்கண்ணியைக் கீழ்நூலான பாபின் நூலோடு பிணைக்கிறது. இரண்டு நூலின் இழுப்பும் சமமாக இருந்தால் பின்னல் துணியின் நடுவில் மறையும்; மேல்நூல் இறுகினால் பாபின் நூல் மேலே வந்து புள்ளிபுள்ளியாகத் தெரியும். ஐந்தடுக்கு மடிப்பும் ஜரிகையும் சேர்ந்த இடத்தில் ஊசி சிறிது வளைந்தால் கொக்கிக்குக் கண்ணி அகப்படாது, தையல் விட்டுவிட்டு விழும். மெல்லிய பட்டுக்கு 11-ஆம் எண் ஊசி, மடிப்பையும் கேன்வாஸ் பட்டையையும் சேர்த்துத் தைக்க 14 அல்லது 16 என்று மாற்றுவது இதனால்தான். முனை மழுங்கிய ஊசி பட்டில் இறங்கும்போது ‘டக் டக்’ என்ற ஓசை காதுக்கே கேட்கும். அதற்குப்பின் ஒரு தையல்கூட ஓட்டாமல் ஊசியை மாற்றிவிட வேண்டும். உறைபனி விழும் மார்கழி, தை மாதக் காலைகளில் மிஷின் எண்ணெய் கெட்டிப்பட்டு மிதி கனக்கும் என்பதால், துணி வைக்காமல் சிறிது நேரம் வெறுமனே ஓட்டிவிட்டுத் தொடங்குவது நலம்.

தையல் நூலைப் பற்றி ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு. துணியைவிட நூல் வலுவாக இருக்கக் கூடாது. பட்டு நனையும்போது தன் வலுவில் சுமார் 15 முதல் 20 சதவீதத்தை இழக்கிறது; பாலியெஸ்டர் நூல் எதையும் இழப்பதில்லை. ஈரக் காற்றிலும் வியர்வையிலும் இளகிய பட்டின் மேல் தடித்த பாலியெஸ்டர் நூல் இழுபட்டால், அறுபடுவது துணியின் இழையாகத்தான் இருக்கும். நூல் அறுந்தால் மேடைக்குப் பின்னே நின்றபடியே தைத்துவிடலாம். பட்டு விட்டுப்போனால் மாற்று வழி இல்லை. வழுவழுப்பான பட்டில் இழைகள் அறுபடாமலேயே தையல் ஓரத்தில் விலகிச் சல்லடையாவதும் உண்டு. அதைத் தடுப்பது நூலன்று, உள்ளே விட்டுவைக்கும் ஓர் அங்குலத் துணியும் லைனிங்கும்தான். அந்த லைனிங் பருத்தியாக இருந்தால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் முதல் நீராவியிலேயே அது சுருங்கி, மேலுள்ள பட்டுத் துணியைச் சுருக்கம் விழ இழுத்துவிடும்.

இடுப்பில் பூட்டும் இடத்தில் இப்போது வெல்க்ரோ பட்டை பரவலாகிவிட்டது. அதை உரித்தெடுப்பது எளிது, ஆனால் இரு பரப்பும் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும்படி இழுத்தால் ஆயிரக்கணக்கான சிறு கொக்கிகள் ஒரே நேரத்தில் எதிர்க்கின்றன. எனவே பட்டையின் இரு முனைகளும் நன்றாக ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வைத்து, இழுவை சறுக்கல் திசையில் விழச் செய்ய வேண்டும். குனியும்போது ஓரம் மடங்கி உரிபடும் இடத்தில் ஓர் இரும்புக் கொக்கியும் கூடவே வேண்டும். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் ஜரிகையில் உரசினால் இழையைப் பிய்த்துவிடும் என்பதால், அது வெளிப்புறம் பார்க்காதவாறு அமைப்பது முக்கியம்.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. கந்தகம் கலந்த வாயு பட்டால் வெள்ளி கறுக்கும். மலையில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது: கம்பளியில் கந்தகம் உண்டு, ரப்பர் எலாஸ்டிக்கிலும் உண்டு. ஸ்வெட்டரும் சால்வையும் அடுக்கிய பீரோவில் நடன உடையை நெருக்கி வைத்தால், ஈரமும் சேர்ந்து சில மழைக்காலங்களில் கரை மங்கிவிடும். ஆடி முடித்த உடையை வியர்வையோடு மூடிவைக்காமல், நிழலில், முடிந்தால் ஹீட்டர் உள்ள அறையில் முழுவதும் உலரவிட்டு, விசிறியின் மடிப்புகளை ஒருசேரச் சேர்த்துப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டி, மல் துணியில் சுற்றித் தனித் தட்டில் நீளவாக்கில் கிடத்த வேண்டும். பிளாஸ்டிக் உறையும் வேண்டாம், ஜரிகையைத் தொடும்படி அந்துருண்டையும் வேண்டாம்.