“வெறும் எழுபது கே.வி. தானே சார்?”

போன வாரம் எலும்பு ஆபரேஷன் தியேட்டருக்குள் போனேன். ஒரு பெரியவருக்குத் தொடை எலும்பில் கம்பி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பை எக்ஸ்ரேயில் காட்டும் சி-ஆர்ம் மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை இயக்கும் தம்பி லெட் ஏப்ரன், அதாவது ஈயம் வைத்த மேலங்கி, போடாமல் எக்ஸ்ரே குழாயை ஒட்டி நிற்கிறார். அவர் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் பேட்ஜ் எங்கே என்றால், லாக்கரில் இருக்கிறதாம். “வெறும் எழுபது கே.வி. தானே சார், கோபால்ட் மெஷினா என்ன?” என்றார். கே.வி. என்றால் கிலோவோல்ட், எக்ஸ்ரேயின் வலுவைச் சொல்லும் அளவு. கோபால்ட் என்பது புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கும், அதைவிட வலுவான மெஷின். இந்த வருடம் இதே பதிலைச் சொன்ன மூன்றாவது ஆள் அவர். கதிர்வீச்சுப் பாதுகாப்புதான் என் வேலை. கோபம் வந்தது, அதைவிட வருத்தமாக இருந்தது.

எக்ஸ்ரே என்பது துப்பாக்கிக் குண்டு, அது டி.என்.ஏ.வைத் துளைத்துக்கொண்டு போகும், குண்டு சின்னதானால் காயமும் சின்னது. இப்படித்தான் பலரும் மனதில் படம் போட்டு வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். உடலுக்குள் நுழைந்த எக்ஸ்ரே ஏதோ ஓர் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைக் கிளப்பிவிடுகிறது. அது ஓடுகிற வழியில் இன்னும் பல எலக்ட்ரான்களைத் தட்டி உதிர்க்கிறது. திசுவில் பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு) இறங்கினால் சுமார் 50,000 எலக்ட்ரான்கள் உதிரும். அவற்றில் பெரும்பாலானவை 20 எலக்ட்ரான் வோல்ட்டைக்கூடத் தொடாதவை. கோபால்ட்டோ எழுபது கே.வி.யோ, கடைசியில் டி.என்.ஏ. பக்கத்தில் வந்து சேர்வது இந்தச் சின்ன எலக்ட்ரான் கூட்டம்தான்.

இவ்வளவு குறைந்த ஆற்றலில், அதுவும் அயனியாக்க, அதாவது அணுவிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பக்கூட வலுவில்லாத நிலையில், டி.என்.ஏ. இழை அறாது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2000-இல் கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் லியோன் சான்ஷ் குழுவினர் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது பிளாஸ்மிட், அதாவது வளைய வடிவ டி.என்.ஏ. முறுக்கிவிட்ட ரப்பர் பேண்ட் போலச் சுருண்டு கிடக்கும். ஓர் இழை அறுந்தால் முறுக்குத் தளர்ந்து வட்டமாக விரியும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் வளையமே பிரிந்து நீள நூலாகிவிடும். ஜெல் என்ற கூழ்ப் பலகையில் மின்சாரம் வைத்து ஓடவிட்டால் மூன்றும் தனித்தனிக் கோடுகளாகத் தெரியும். அந்தப் பிளாஸ்மிட்டைக் காயவைத்து, வெற்றிடத்தில் 3 முதல் 20 எலக்ட்ரான் வோல்ட் வரையுள்ள எலக்ட்ரான்களை அதன்மேல் விட்டார்கள். வட்டமும் தெரிந்தது, நூலும் தெரிந்தது. 2004-இல் அதே குழு, 4 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழேயும் ஓரிழை அறுவதைக் காட்டியது. அந்த எலக்ட்ரான் மோதி உடைப்பதில்லை. மூலக்கூறில் போய் ஒரு கணம் ஒட்டிக்கொள்கிறது, பிணைப்பு இழுபட்டு அறுந்துபோகிறது.

நோயாளிகள் இதைப் படித்துவிட்டு ஸ்கேன் வேண்டாம் என்று எழுந்து போய்விடாதீர்கள். காய்ந்த டி.என்.ஏ. வேறு, உயிருள்ள செல் வேறு. செல்லுக்குள் தண்ணீர் உடைந்து வரும் ஹைட்ராக்சில் துகள்களும் சேர்ந்துதான் சேதம் செய்கின்றன. செல்லும் சும்மா இருப்பதில்லை, ஓரிழை அறுந்ததைப் பெரும்பாலும் ஒட்டவைத்துவிடும். ஈரிழை அறுவதுதான் சிக்கல். ஒரு கிரே (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு கதிர்வீச்சுக்கு ஒரு செல்லில் ஏறத்தாழ 1,000 ஓரிழை அறுப்பும் 40 ஈரிழை அறுப்பும் ஆகும். மார்பு எக்ஸ்ரே என்பது அந்த ஒரு கிரேயில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். டாக்டர் தேவை என்று சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். என் கண்டிப்பெல்லாம் தினமும் எட்டு மணி நேரம் அந்த அறைக்குள் நிற்பவர்களுக்கு.

இன்னொன்று. வலுக் குறைந்த எக்ஸ்ரே உடலைத் தாண்டிப் போகாது, உள்ளேயே நின்றுவிடும். குழாய் வாயில் அலுமினியத் தகடு வைத்திருப்பதே அதை வடிகட்டத்தான். சின்ன எனர்ஜி என்று தைரியம் சொல்கிறவர்கள் அந்தத் தகடு அங்கே எதற்கு என்று யோசிக்க வேண்டாமா?

ஆகவே, ஏப்ரன் போடுங்கள். அரை மில்லிமீட்டர் ஈயம், உங்கள்மேல் சிதறி வருவதில் 90 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். கழுத்தில் கட்டும் ஈயப் பட்டையான தைராய்டு காலரை ஆணியில் மாட்டி வைப்பதற்காக வாங்கவில்லை. சி-ஆர்மில் குழாய் இருக்கும் பக்கம்தான் சிதறல் அதிகம், எதிர்ப்பக்கம் நில்லுங்கள். தூரத்தை இரண்டு மடங்காக்கினால் அளவு கால்வாசியாகிவிடும், ஓரடி பின்னால் நகரக் காசா பணமா? ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடாதீர்கள், உள்ளே ஈயம் விரிசல் விட்டுவிடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது. பேட்ஜை ஏப்ரனுக்குள் மார்பில் குத்திக்கொள்ளுங்கள். மூன்று மாதம் லாக்கரில் கிடந்த பேட்ஜ் லாக்கர் வாங்கிய அளவைத்தான் சொல்லும்.

அப்புறம், சிஸ்டர்களுக்கும் பெண் டெக்னீஷியன்களுக்கும் ஒரு வேண்டுகோள். கர்ப்பம் என்று தெரிந்த அன்றே எங்களிடம் சொல்லிவிடுங்கள் அம்மா. மீதி மாதங்கள் முழுக்கச் சேர்த்து வயிற்றுக் குழந்தைக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு (கதிர்வீச்சால் வரும் பாதிப்பை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது என்பது விதி. அதற்காக உங்களை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்பதும் விதிதான். டியூட்டியை மாற்றித் தர வேண்டியது எங்கள் பொறுப்பு, அதற்காக நீங்கள் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை.