உடம்பு ஏறினால் போதுமா?

ரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளைகளை ஆத்தூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும், ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்தும் என்னிடம் கூட்டி வருவார்கள். "இன்னும் என்ன குடுத்தா உடம்பு ஏறும் மேடம்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. எடை பார்த்தால் வயதுக்கு மேலேயே இருக்கும். கன்னமும் வயிறும் உப்பி, கை கால் மட்டும் மெலிந்திருக்கும்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ஏ.எல்.எல். வகை லுகேமியாவுக்கு (ரத்தப் புற்றுநோய்க்கு) 2 முதல் 3 வருடம் சிகிச்சை நடக்கும். அதில் தரும் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டுகள் பசியைக் கிளறிவிடும். வயிற்றில் கொழுப்பைச் சேர்க்கும், தசையைக் கரைக்கும், எலும்பையும் பலவீனமாக்கும். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து கால் நரம்புகளைப் பாதிப்பதால் பிள்ளை தடுக்கி விழும், ஓடி விளையாடத் தயங்கும். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் வளர்ச்சி ஹார்மோன் குறைந்து எடை கூடும் வாய்ப்பு இன்னும் அதிகம். சில மருந்துகள் இதயத்தையும் பலவீனப்படுத்தக்கூடியவை. அதனால்தான் இந்தத் தொப்பையை நான் அழகு விஷயமாகப் பார்ப்பதில்லை.

அம்மாக்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கீமோ நாட்களில் வாந்திக்கு நடுவே ரெண்டு வாய் உள்ளே போனாலே பெரிய விஷயம். அந்தப் பயம் சிகிச்சை முடிந்த பிறகும் லேசில் போகாது. பாட்டியும் "சாப்பிடு கண்ணு" என்று ஊட்டிக்கொண்டே இருப்பார்.

நம் சேலத்தில் உடம்பு தேற என்று ஜவ்வரிசிக் கஞ்சி கொடுப்பார்கள். ஜவ்வரிசி மரவள்ளி மாவுச்சத்து. 100 கிராமில் 1 கிராம் புரதம்கூடக் கிடையாது. வயிறு சரியில்லாத நாளுக்குச் சரி, தினமும் வேண்டாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. முட்டை, மீன், பருப்பு, கொள்ளு, சுண்டல் எனத் தட்டில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இருக்கட்டும். மலையில் இருப்பவர்களுக்குக் கேழ்வரகும் சாமையும் பழக்கமானவைதான். கேழ்வரகுக் களியோடு கீரைக் குழம்பும் மோரும் சேர்ந்தால் எலும்புக்கு வேண்டிய கால்சியமும் கிடைக்கும். தட்டைகளுக்கு நடுவே காய்கறியும் சட்னியும் வைத்துத் தரும் தட்டுவடை செட்டை அடியோடு நிறுத்தச் சொல்ல மாட்டேன். எப்போதாவது கடைக்குக் கூட்டிப்போய் வாங்கிக் கொடுங்கள், பொட்டலம் கட்டி வீட்டில் வைக்காதீர்கள்.

பட்டினி போட்டு எடை குறைக்கவே கூடாது, இருக்கிற தசையும் போய்விடும். தராசைவிட இஞ்ச் டேப் உதவும்: இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழ முடிகிறதா என்றும் பாருங்கள். சாயங்காலம் தெருவில் ஓட விடுங்கள். ஆனால் இடுப்பிலோ முட்டியிலோ வலி, நொண்டல் இருந்தால் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டால் எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்.

எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள், கதிர்வீச்சு உண்டா என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை நாளைக்கு வெளியூரில் படிக்கப் போனாலும், அங்கே ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இதயம் எல்லாம் பார்க்கப்போகும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.