ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருகிறவர்களுக்கு

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பங்கு அலுவலகத் திண்ணையில் ஆள் சேரத் தொடங்கிவிடும். பள்ளிச் சேர்க்கை, கல்லூரிச் சேர்க்கை. "சாமி, ஒரு ஞானஸ்நானச் சான்றிதழ்" என்று வருகிறவர்களில் பாதிப் பேரை அதற்கு முன்பு நான் பூசையில் பார்த்திருக்க மாட்டேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு காகிதத்தின் பேரிலாவது கோயில் வாசலை மிதிக்கிறார்களே என்று நினைத்துக்கொள்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் இளம் தகப்பனார் மகனைத் தோளில் சுமந்தபடி வந்தார். பையனுக்கு மூன்றரை வயது. பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக்கொண்டு, "எந்தக் கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்தீர்கள், தம்பி?" என்று கேட்டேன். "இன்னும் கொடுக்கவில்லை, சாமி. இன்றைக்குக் கொடுத்து, இன்றைக்கே சான்றிதழையும் கொடுத்துவிட்டால் புண்ணியமாகப் போகும். நாளைக்குக் கடைசித் தேதி." நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் மேசையிலிருந்த மைப்பெட்டியைத் திறந்து, என் நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையின் மேலும் கட்டைவிரலால் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தான்.

அன்று நான் கொடுக்கவில்லை. அந்தத் தகப்பனாருக்குக் கோபம். "தண்ணீர் ஊற்றுவதற்கு இவ்வளவு சட்டமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்தக் கேள்விக்கு அன்று நின்று பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அந்தப் பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இருபத்து நான்கு ஆண்டுகளாகக் குருவாக இருக்கிறேன். கடற்கரையிலும் கரிசலிலுமாக ஐந்து பங்குகளைப் பார்த்துவிட்டேன். எங்கள் கத்தோலிக்க வழக்கில் இப்போது 'திருமுழுக்கு' என்று எழுதுகிறோம். மக்கள் வாயில் அது இன்னும் ஞானஸ்நானம்தான். நானும் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1983-இல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867-ஆம் பிரிவு, குழந்தை பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குப் பெறப் பெற்றோர் ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு இரண்டு நிபந்தனைகளை வைக்கிறது. தாய், தந்தை இருவரில் ஒருவராவது சம்மதிக்க வேண்டும். அந்தக் குழந்தை விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்று நம்புவதற்கு இடம் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கைக்குச் சிறிதும் இடமில்லை என்றால் காரணத்தைப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்லித் தள்ளிவைக்கலாம். கவனியுங்கள், தள்ளிவைக்கலாம் என்பதுதான் சொல். மறுக்கலாம் என்று இல்லை. அந்த வேறுபாட்டை மறந்து கதவைச் சாத்திய குருக்களும் உண்டு. மணமாகாத தாய் ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும்போது அவளைத் திருப்பி அனுப்புவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மே மாத மறையுரை ஒன்றில் கடுமையாகக் கண்டித்தார். அப்படி யாராவது உங்களைத் திருப்பி அனுப்பியிருந்தால், இன்னொரு முறை வாருங்கள். காணிக்கை கொடுக்க வசதியில்லை என்பதற்காகவும் திருமுழுக்கு, திருமணம் போன்ற எந்தத் திருவருட்சாதனத்தையும் மறுக்கக் கூடாது. அதுவும் சட்டத்தில் இருக்கிறது. ஏழைகளிடம் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்தக் காலத்தில் திருமுழுக்கு ஏன் தள்ளிப்போகிறது தெரியுமா? அவிசுவாசத்தால் அன்று. அப்பாவுக்குத் துபாயில் விடுமுறை கிடைக்கவில்லை. மண்டபம் கிடைக்கவில்லை. முதல் பிறந்தநாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் ஒரே பிரியாணிச் செலவு. ஒருமுறை, ஞானத்தந்தையாக இருக்க வேண்டியவர் கனடாவிலிருந்து கைப்பேசித் திரையில் தெரிய, அந்தக் கைப்பேசியைக் குழந்தையின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார்கள். நல்ல வேளையாக அது தொட்டிக்குள் விழவில்லை.

ஞானப்பெற்றோர் விஷயத்தில்தான் எனக்குச் சொல்வதற்கு அதிகம் இருக்கிறது. பிள்ளையின் வாழ்நாள் முழுவதும் நிற்கப்போகிற உறவு அது. அதை நாம் சங்கிலி போடுகிற உறவாக்கிவிட்டோம். வீட்டில் யார் நன்றாக இருக்கிறார், யார் இரண்டு பவுன் போடுவார், யாரைக் கூப்பிடாவிட்டால் கோபித்துக்கொள்வார் என்ற கணக்கில்தான் பல வீடுகளில் பெயர் முடிவாகிறது. சட்டம் கேட்பது வேறு. ஞானத்தந்தையோ ஞானத்தாயோ ஒருவர் போதும்; இருவர் என்றால் ஓர் ஆண், ஒரு பெண். பதினாறு வயது நிறைந்திருக்க வேண்டும். புதுநன்மையும் (முதல் முறை நற்கருணை வாங்குவது) உறுதிப்பூசுதலும் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) பெற்ற கத்தோலிக்கராக, அந்தப் பொறுப்புக்கு ஏற்ற வாழ்க்கை வாழ்கிறவராக இருக்க வேண்டும். குழந்தையின் தாயோ தந்தையோ அந்த இடத்தில் நிற்கக் கூடாது.

ஒரு கடற்கரைப் பங்கில் இருந்தபோது, படகு கவிழ்ந்து ஒரு மீனவர் இறந்துபோனார். மூன்று பிள்ளைகள். நாற்பதாம் நாள் பூசை முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு, மூத்த பையனின் ஞானத்தகப்பன் மட்டும் அந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். நெருங்கிய உறவுகூட இல்லை, பக்கத்துத் தெருக்காரர். "இவனுக்காகத் தொட்டி அருகில் நின்று வாக்குக் கொடுத்தவன் நான்தானே, சாமி" என்றார். அந்தப் பையனுக்குப் பிளஸ் டூ வரை பீஸ் கட்டியவர் அவர். ஞானப்பெற்றோருக்கான வகுப்பில் இந்த ஒரு கதையைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். சங்கிலி போடுகிறவர்கள் அப்போது தரையைப் பார்ப்பார்கள்.

வகுப்பு என்றதும் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எங்கள் பங்கில் மூன்று மாலைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். இது ஏதோ நவீனக் குருக்கள் கண்டுபிடித்த தொந்தரவு என்று நினைக்கிறார்கள். இதன் அவசியம் நம் கடற்கரையிலேயே ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தெரிந்துபோயிற்று. 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பல்லாயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1542-இல் புனித சவேரியார் அங்கே வந்து விசாரித்தபோது, தாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைத் தவிர அவர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. சொல்லித்தர ஆள் இல்லாததுதான் காரணம். சவேரியார் விசுவாச அறிக்கையையும் செபங்களையும் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, கையில் மணியை அடித்தபடி தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோனதை அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அதைப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். எனக்கு அந்தக் கையைவிட மணிதான் பெரிதாகப் படுகிறது.

இதற்கு நேரெதிராக நம்மிடமே இன்னொரு எடுத்துக்காட்டு. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, டச்சுத் தளபதி டி லனாயிடம் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டறிந்து, 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்தே பெற்றார். 1752-இல் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் யாரிடமும் சான்றிதழ் கேட்டு வரவில்லை.

இனி அவசரத் திருமுழுக்கு. இது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியது. செவிலியர்களாக வேலை பார்க்கும் நம் பெண்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். குழந்தை உயிருக்குப் போராடுகிறது, குருவை அழைக்க நேரமில்லை என்றால், யார் வேண்டுமானாலும் திருமுழுக்குக் கொடுக்கலாம். கிறிஸ்தவர் அல்லாதவர்கூடக் கொடுக்கலாம். திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். சாதாரணத் தண்ணீரைத் தலையில் ஊற்றியபடியே, பெயரைச் சொல்லி, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். குழந்தை பிழைத்துக்கொண்டால் பங்கில் வந்து சொல்லுங்கள், பதிவேட்டில் எழுதுவோம். தைலம் பூசுதல், வெள்ளை உடை, திரி போன்ற மற்றச் சடங்குகளைக் கோயிலில் நிறைவு செய்வோம். தண்ணீரை மறுபடி ஊற்ற மாட்டோம்.

அந்த நேரம்கூடக் கிடைக்காமல் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள் என்னிடம் வந்து அழுதிருக்கிறார்கள். "என் பிள்ளை லிம்போவில் இருக்கிறதா, சாமி?" பாட்டிமார் சொல்லிவைத்த பயம் அது. திருமுழுக்குப் பெறாத குழந்தைகள் விண்ணகம் சேராமல் தங்கும் இடமாகச் சொல்லப்பட்ட லிம்போ என்பது இறையியலாளர்கள் முன்வைத்த கருத்து; அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை. திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது என்றுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது. அந்தத் தாயிடம் குற்றம் சொல்கிற உறவினர்களை நான் வெளியே உட்காரச் சொல்லிவிடுவேன்.

சொற்கள் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். "நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று சொன்னால் அது செல்லாது என்று வத்திக்கான் 2020 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. அமெரிக்காவில் டெட்ராய்ட் மறைமாவட்டக் குரு ஒருவர் தன் குழந்தைப் பருவத் திருமுழுக்கின் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். அதில் கேட்டது "நாங்கள்". அவர் திருமுழுக்கே பெறவில்லை. ஆகவே குருவும் இல்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பெற வேண்டியதாயிற்று. கோயிலுக்குள் வீடியோக்காரர்களைக் கண்டால் எரிச்சல்படுகிற எனக்கு, அவர்களால் இப்படியும் ஒரு பயன் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

செல்லுபடியான திருமுழுக்கு ஒருமுறைதான். சி.எஸ்.ஐ. சபையில் தண்ணீராலும் மூவொரு இறைவனின் பெயராலும் ஞானஸ்நானம் பெற்ற பெண் மருமகளாக வருகிறாள் என்றால், "எங்கள் முறைப்படி இன்னொரு தடவை கொடுத்துவிடுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் நிற்பார்கள். கொடுக்க முடியாது. கேட்பதே அந்தப் பெண்ணையும் அவள் பெற்றோரையும் அவமதிப்பது.

இனிப் பதிவேட்டின் சங்கடமான பக்கத்துக்கு வருகிறேன். "ஞானஸ்நானம் கொடுங்கள், ஆனால் புத்தகத்தில் எழுத வேண்டாம்" என்று கெஞ்சுகிற தலித் பெற்றோர் உண்டு. காரணம் எனக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டின் அட்டவணைச் சாதிகள் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவர் மட்டுமே அந்தப் பட்டியலில் இருக்க முடியும். கிறிஸ்தவரானால் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர். தண்ணீர் ஊற்றியதும் சாதிக்கொடுமை நின்றுவிடுகிறதா? இல்லை, சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் வரை கூடவே வருகிறது. அந்த ஆணை அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் பதிவேட்டில் எழுதாமல் விடுவது உங்களைக் காப்பாற்றாது. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானத்தையும் சான்றாகக் கொண்டு, அட்டவணைச் சாதிச் சான்றிதழ் கேட்ட அவரது கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. முடிவை எடுக்கும் முன்பு இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொய் எழுதவோ, எழுதாமல் விடவோ என்னால் முடியாது. வந்து பேசலாம், எவ்வளவு நேரமானாலும்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ஞானஸ்நானச் சான்றிதழ் பிறப்புச் சான்றிதழ் ஆகாது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிந்து, அதே எழுத்தில் எங்களிடம் கொடுங்கள். திருமண அறிவிப்புக்கான ஓலை எழுத வரும்போது ஒரே ஆளுக்கு மூன்று எழுத்தில் மூன்று பெயர் இருப்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. பழைய நகல் வீட்டில் இருந்தாலும் திருமணத்துக்குப் புதிய நகல் கேட்கிறோமே, ஏன்? உறுதிப்பூசுதலும் திருமணமும் அந்தத் திருமுழுக்கு வரியின் ஓரத்திலேயே குறிக்கப்படும். புதிய நகலில்தான் அது தெரியும்.

அந்த இளம் தகப்பனார் திரும்பி வரவில்லை. அவர் மனைவி வந்தார், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் ஒரு மழை நாளில். மூன்று மாலையும் வந்து உட்கார்ந்தார். பையனுக்கு ஜனவரியில், ஆண்டவரின் திருமுழுக்கு விழாவன்று கொடுத்தேன். தண்ணீர் குளிராக இருக்கிறது என்று எல்லோருக்கும் கேட்கும்படி புகார் சொன்னான்.

உங்கள் ஞானஸ்நானத் தேதி உங்களுக்குத் தெரியுமா? திருத்தந்தை பிரான்சிஸ் கூட்டங்களில் அடிக்கடி கேட்ட கேள்வி இது. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைப் பிரசங்கத்தில் கேட்டுவைத்தேன். மறுநாள் காலையில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். பிறந்த ஆண்டைச் சொன்னார். மாதம் தெரியாது, "நெல் அறுப்புக் காலம்" என்றார். அந்த ஆண்டின் பதிவேடு லத்தீனில் இருந்தது. ஓரங்களைச் செல் அரித்திருந்தது. கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில் பிள்ளையும் நானும் ஒரு மணி நேரம் புரட்டினோம். கடைசியில் அப்பா பெயரை வைத்துக் கண்டுபிடித்தோம். குறிப்புப் பத்தியில் பொடி எழுத்தில், "இன் பெரிகுலோ மோர்ட்டிஸ்" என்றிருந்தது. மரண ஆபத்தில் என்று பொருள். பிறந்த அன்றே வீட்டில் ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர் மருத்துவச்சி, பெயரும் எழுதியிருந்தது.

தான் பிழைக்கப்போவதில்லை என்று வீட்டார் நினைத்த ஒரு ராத்திரி இருந்ததை அந்தப் பாட்டியிடம் யாரும் சொன்னதில்லை. மருத்துவச்சியின் பெயரை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். "எங்கள் தெருவில்தான் இருந்தாள், சாமி. கண் தெரியாமல் போன பிறகு நான்தான் அவளைக் கைபிடித்துப் பூசைக்குக் கூட்டி வருவேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை பாருங்கள்" என்றார்.