ஷேவ் முடிந்ததும் ரேசரை எங்கே வைக்கிறீர்கள்?

தாடைக்குக் கீழே, கழுத்துப் பக்கம், சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள். மருந்து தடவினால் அடங்கிவிடும், நிறுத்தினால் திரும்பவும் வரும். தோல் மருத்துவராக, இந்தத் தொல்லையோடு வருகிறவர்களிடம் நான் தவறாமல் கேட்கும் கேள்விதான் தலைப்பில் இருப்பது. என்ன கிரீம், எந்தப் பக்கமாக இழுக்கிறீர்கள் என்று கேட்பேன் என்று நினைத்து வந்தவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். பதில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்: குளியலறையில், குழாய்க்குப் பக்கத்தில், ஒரு கோப்பைக்குள் தலைகீழாக.

அந்தக் கோப்பையின் அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். பிளேடு ராத்திரி முழுக்க அதில் ஊறும். ஷேவ் செய்யும்போது முடி மட்டும் வெட்டுப்படுவதில்லை. தோலின் மேல்படலம் மெல்லியதாகச் சுரண்டப்பட்டு வருகிறது. அதோடு எண்ணெய்ப் பசை, நுரை, சில சமயம் துளி ரத்தம். எல்லாம் பிளேடுகளுக்கு நடுவில் இருக்கும் குறுகிய இடைவெளியில் தங்கிவிடுகிறது. பல பிளேடு கொண்ட கார்ட்ரிட்ஜில் இது இன்னும் அதிகம். ஈரமும் அழுக்கும் சேர்ந்த இடத்தில் கிருமி பெருகுவதற்கு வேறென்ன வேண்டும்? மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸ், ஈரம் காயாத இடங்களை விரும்பும் சூடோமோனாஸ், இரண்டுமே மயிர்க்கால்களில் சீழ் வைக்கக் கூடியவை. அடுத்த ஷேவில், கண்ணுக்குத் தெரியாத கீறல்களைப் போட்டுக்கொண்டே அந்த பிளேடு முகமெங்கும் போகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஷேவ் செய்த இடத்தில் வரும் எல்லாக் கொப்புளமும் கிருமியால் வருவதில்லை. சுருண்ட முடி உள்ளவர்களுக்கு, வெட்டிய முடியின் கூர்முனை வளைந்து மறுபடி தோலுக்குள் இறங்கும். அந்த இடம் தடித்துக் கறுக்கும். ரேசரை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் அது மட்டும் அதற்குத் தீர்வாகாது, ஷேவ் செய்யும் முறையையே மாற்ற வேண்டியிருக்கும். ஆனால் மழுங்கிய, ஊறிய பிளேடு அதையும் மோசமாக்கும்.

பிளேடு ஏன் மழுங்குகிறது? ஈரம் மட்டும் காரணம் இல்லை. முடி எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படிப்பட்ட முடியே பிளேடின் விளிம்பில் சில்லுகளைப் பெயர்க்க முடியும் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020-இல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள். முடியை வெட்டுவதால் வரும் தேய்மானத்தை நாம் தடுக்க முடியாது. அதோடு துருவும் சேராமல் பார்த்துக்கொள்வதுதான் நம் கையில் இருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு என்று பெயர் இருந்தாலும், தொடர்ந்து ஈரத்தில் கிடந்தால் அதுவும் அரிக்கப்படும்.

சரி, என்ன செய்யலாம்? ஷேவ் முடிந்ததும் ரேசரின் பின்பக்கத்திலிருந்து வேகமாகத் தண்ணீர் விடுங்கள். இடுக்கில் இருப்பது முன்பக்கமாக வெளியே வரும். வாஷ்பேசின் விளிம்பில் தட்டாதீர்கள், டவலில் தேய்த்துத் துடைக்காதீர்கள். இரண்டுமே கூர்முனையைக் கெடுக்கும், டவலில் இருப்பதும் பிளேடில் ஒட்டும். நன்றாக உதறி, பிளேடு மேலே இருக்கும்படி நிமிர்த்தியோ தொங்கவிட்டோ, காற்றோட்டமுள்ள இடத்தில் வையுங்கள். குளியலறைக்கு வெளியே என்றால் மிக நல்லது. பிளேடை மாட்டிக் கழற்றும் பழைய வகை ரேசர் என்றால், அவ்வப்போது திருகைக் கழற்றி உள்ளே படிந்த சோப்பையும் கழுவிவிடுங்கள். பயணத்துக்காக மூடி போடுகிறவர்கள், காய்ந்த பிறகு போட வேண்டும். ஈரத்தோடு மூடினால் கோப்பைத் தண்ணீரில் வைத்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

அடிக்கடி கொப்புளம் வருகிறவர்கள், கழுவிய பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் பிளேடை நனைத்து உலர விடலாம். 99 சதவீதம் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்பார்கள். இல்லை. அது சீக்கிரம் ஆவியாகிவிடும், கிருமியின் புரதத்தைச் சிதைக்கக் கொஞ்சம் தண்ணீரும் தேவை. அழுக்கின் மேல் ஊற்றினால் எந்த ஆல்கஹாலும் சரியாக வேலை செய்யாது, அதனால் முதலில் கழுவுவதுதான் முக்கியம். அப்புறம், பிளேடை 5 முதல் 7 ஷேவுக்குள் மாற்றிவிடுங்கள். சீழ்க்கொப்புளத்துக்கு மருந்து தொடங்குகிறீர்களா? அன்றைக்கே பழைய பிளேடைத் தூக்கிப் போடுங்கள். இதை நான் ஒவ்வொருவரிடமும் வற்புறுத்திச் சொல்கிறேன். முகத்துக்கு மருந்து போட்டுவிட்டு அதே பிளேடை எடுத்தால், சிகிச்சை எப்படி நிலைக்கும்?

ஷேவிங் பிரஷைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். முதல் உலகப் போர்க் காலத்தில், பிரிட்டிஷ், அமெரிக்கப் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் நோய் பிரஷ் வழியாகப் பரவியது. சரியாகக் கிருமி நீக்காத குதிரை முடியில் செய்த பிரஷ்கள் அவை. இன்று அந்த பயம் வேண்டாம். ஆனால் பிரஷின் அடிப்பகுதியில், முடிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், சோப்பும் ஈரமும் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். நுரை வராத அளவுக்கு அலசி, பிழிந்து, உதறி, திறந்த இடத்தில் காய விடுங்கள். வெள்ளையாகப் படிவு தெரிந்தால் வினிகர் கலந்த தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்து அலசலாம். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், முடியும் கெடும், பசையும் விடும்.

டிரிம்மரில், பிளேடைக் கழற்றி முடித்துகள்களை பிரஷால் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். தண்ணீரில் கழுவலாமா என்பதை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒரே ரேசரைப் பகிர்வதை நான் மிகவும் அஞ்சுகிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே குறைந்தது 7 நாள் உயிர்ப்போடு இருக்கும். காய்ந்துபோய்க் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்திலும் அது இருக்கலாம். கணவன் மனைவி, அண்ணன் தம்பி, அப்பா மகன் என்று உறவு எதுவானாலும் ரேசர் ஆளுக்கொன்று இருக்க வேண்டும். வெட்டுப்பட்ட இடத்தில் நேரடியாகத் தேய்க்கும் படிகாரக் கட்டிக்கும் இதே விதிதான். முகத்தில் தட்டை மருக்கள் இருப்பவர்கள் அந்த இடத்தில் ஷேவ் செய்வதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிளேடு போன கோட்டிலேயே புது மருக்கள் வரிசையாக முளைத்த முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

பழைய பிளேடைக் குப்பையில் அப்படியே போடாதீர்கள். குப்பை அள்ளுகிறவரின் கையை அது கிழிக்கும். மூடியுள்ள தகர டப்பா ஒன்றில் சின்னப் பிளவு போட்டு, அதற்குள் சேர்த்து வாருங்கள். நிறைந்ததும் பிளவை டேப்பால் ஒட்டி, மேலே "பிளேடு" என்று எழுதிக் கொடுங்கள்.