பாட்டியின் கேசட்டுகளை வீசும் முன்

பதினாறாம் நாள் காரியத்துக்குள் வீட்டை ஒழுங்குபடுத்திவிட வேண்டும் என்ற அவசரம் பல குடும்பங்களில் இருக்கிறது. புடவைகளைப் பங்கிட்டுக்கொள்வார்கள், நகை அலமாரிக்குப் போகும். கட்டிலுக்கடியில் பிஸ்கட் டின்னில் கிடக்கும் கேசட்டுகள் மட்டும் பழைய சாமான் வாங்கும் பேப்பர் லாமா லாரியில் ஏறும். "பழைய சினிமாப் பாட்டுதானே, யூடியூபில் இருக்கு" என்பார்கள்.

பாட்டு இருக்கும். மலேசியத் தமிழ் வானொலியான ரேடியோ 6-ல், அதாவது இன்றைய மின்னல் எஃப்எம்மில், ஒலித்த பாட்டை டேப் ரெக்கார்டரின் மைக்கில் பிடித்தபோது, நடுவே "அடுப்ப அணைச்சியா?" என்று கேட்ட குரல் யூடியூபில் இருக்காது. பாட்டுப் பிரியமுள்ள அம்மாக்கள் கோயில் பஜனைக்குப் பழகியதையும் பேரனுக்குப் பாடிய தாலாட்டையும் அதே கேசட்டில்தான் பதிந்தார்கள். பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலை செய்கிறவர்களாக நாங்கள் கேட்பது இதுதான்: தேடிப் பார்க்காமல் எதையும் வீசாதீர்கள்.

எங்கே தேடுவது? கேசட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். கடையில் வாங்கிய பாட்டுக் கேசட்டில் அங்கே இரண்டு பள்ளங்கள் திறந்திருக்கும். அவற்றின்மேல் செலோ டேப் ஒட்டியிருந்தால், சினிமாப் பாட்டை அழித்துப் பாட்டி வீட்டில் ஏதோ பதிந்திருக்கிறார் என்று பொருள். மாறாக, வெற்றாக வாங்கிய கேசட்டில் அந்தப் பள்ளங்களை மூடியிருக்கும் சிறு பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்து வைத்திருந்தால், அழிந்துவிடக் கூடாது என்று அவரே பாதுகாத்த பதிவு அது. இந்த இரண்டு வகையையும் முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

உடனே பிளேயரில் போடாதீர்கள். கோலாலம்பூர், பினாங்கு ஈரக்காற்றில் நாடாவின் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் வெள்ளைப் பொடியாகத் தெரியும். அப்படியே ஓட்டினால் சுருள் ஒட்டிக்கொண்டு நாடா அறுந்துபோகும், பூஞ்சை பிளேயரின் ஹெட்டில் (நாடாவைத் தொட்டு ஒலியைப் படிக்கும் பாகத்தில்) ஏறி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அந்தக் கேசட்டைத் தனி ஜிப் பையில் பிரித்து வையுங்கள். கேமரா வைக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில் சில வாரங்கள் உலர்ந்தபின், முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மென்தூரிகையால் துடைக்கலாம். வெயிலில் காய வைத்தால் கூடு வளைந்துவிடும்.

பூஞ்சை இல்லாத கேசட்டையும் முதலில் பென்சிலால் சில சுற்று சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றினால், கடைசிவரை ஓட்டித் திரும்பச் சுற்றிய பிறகே கேளுங்கள். ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த நாடா அப்போதுதான் சீராகும். ஒலி மங்கி, விட்டுவிட்டுக் கேட்டால் நாடா வெளியே தெரியும் விளிம்பின் நடுவில், நாடாவுக்குப் பின்னாலுள்ள சிறு பஞ்சுத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால், ஐந்து திருகாணி உள்ள வேறொரு கேசட்டைத் திறந்து, அதன் கூட்டுக்குள் இந்த நாடாவை மாற்ற வேண்டும். சி-120 (120 நிமிட) கேசட் என்றால் கூடுதல் கவனம் தேவை. சி-60 நாடாவின் பாதித் தடிமன்தான் அதற்கு, சீக்கிரம் சிக்கிக்கொள்ளும்.

பஞ்சு சரியாக இருந்தும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறதா? பெரும்பாலும் நாடா கெடவில்லை. அன்று பதிந்த கருவியின் ஹெட் சாய்வும் இன்று ஓட்டும் கருவியின் ஹெட் சாய்வும் பொருந்தவில்லை. ஹெட்டின் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மிக மெல்லத் திருப்பி, 'ச', 'ஸ' ஒலிகள் கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். திருப்புமுன் அது இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு போகப்போகச் சுருதி ஏறினால், பதியும்போது பேட்டரி தளர்ந்திருக்கிறது. அதைக் கணினியில் திருத்தலாம். மின்சாரத்தில் ஓடிய கருவி என்றால், பதிவின் அடியில் மெல்லிய உறுமல் இருக்கும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கணினியில் பதிவின் வேகத்தை மாற்றி அந்த உறுமலை 50-க்குக் கொண்டுவந்தால் அவருடைய உண்மையான குரல் திரும்பக் கிடைக்கும்.

கணினிக்கு மாற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். 60 நிமிட ஸ்டீரியோ பதிவுக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மடிக்கணினியின் மைக் துளையில் செருகினால் ஒலி உடையும்; பிளேயரைக் கணினியோடு இணைக்கும் தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் கருவியைப் பயன்படுத்துங்கள். இரைச்சலை நீக்கிய பிரதி வேண்டுமென்றால் தனியாகச் செய்துகொள்ளுங்கள், மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருள் குக்கர் விசிலோடு பாட்டின் முடிவில் அவர் விடும் மூச்சையும் தின்றுவிடும்.

கேசட்டோடு அவருடைய கைப்பேசியையும் பாருங்கள். வாட்ஸ்அப் குரல் செய்திகள் ஓபஸ் (.opus) என்ற வகை ஒலிக்கோப்புகளாக இருக்கும். கைப்பேசியை ரீசெட் செய்து பிள்ளைகளிடம் கொடுப்பதற்கு முன் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள். ப்ரீபெய்ட் எண்ணுக்கு டாப்-அப் போடாமல் விட்டால் அது ரத்தாகி, பிறகு வேறொருவருக்குப் போய்விடும். அதனால் வேலை முடியும்வரை எண்ணை உயிரோடு வைத்திருங்கள்.

கடைசியாக, பதிவுகளைச் சின்னப்பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ போட்டுக் காட்டுங்கள். "இது செந்தூல் வீட்ல, பக்கத்துல பாடுறது எங்க அத்தை" என்று அவர்கள் சொல்லச்சொல்லக் கைப்பேசியில் பதியுங்கள். கேசட் அட்டையிலுள்ள கையெழுத்தைப் படமெடுத்து, ஆண்டு, இடம், பாடியவர், பக்கம் ஏ அல்லது பி என்று கோப்புக்குப் பெயரிடுங்கள். ஒரு பிரதி உங்கள் ஹார்ட் டிஸ்கிலும் இன்னொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடமும் இருக்கட்டும். அதற்குப் பிறகும் மூலக் கேசட்டை வீச வேண்டாம்.