எக்ஸ் சர்வர் எங்கே இருக்கிறது?

எக்ஸ், எக்ஸ்11, எக்ஸ் சர்வர், எக்ஸ்ஆர்க் எல்லாம் ஒன்றா, வேறா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

வேறு. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் மொத்த அமைப்பின் பெயர் எக்ஸ் விண்டோ சிஸ்டம். 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. (‘எக்ஸ் விண்டோஸ்’ என்று எழுதுவது பிழை.) எக்ஸ்11 அதன் நெறிமுறையின் 11-ஆம் பதிப்பு, 1987-இல் வந்தது. அந்த நெறிமுறையைப் பேசித் திரையில் வரையும் நிரல் எக்ஸ் சர்வர். அத்தகைய நிரல்களில் ஒன்று எக்ஸ்ஆர்க். ஜன்னல்களுக்குச் சட்டம் போட்டு நகர்த்துவது விண்டோ மேனேஜர். கடவுச்சொல் கேட்கும் நுழைவுத் திரை டிஸ்ப்ளே மேனேஜரின் வேலை.

குழப்பம் ‘சர்வர்’ என்ற சொல்லில்தான். சர்வர் என்றால் எங்கோ குளிரூட்டிய அறையில் நிற்கும் கணினி என்று பழகிவிட்டோம். எக்ஸில் திரை, கீபோர்டு, மவுஸ் மூன்றையும் கையில் வைத்திருப்பதே சர்வர். அவற்றைக் கேட்டு வரும் உலாவி, எடிட்டர் எல்லாம் கிளையன்ட். தொலைக்கணினியில் ஓடும் நிரலின் ஜன்னல் உங்கள் மடிக்கணினியில் தெரிகிறதென்றால், சர்வர் உங்கள் மேசையில் இருக்கிறது.

எந்தச் சர்வரிடம் போவது என்பதைக் கிளையன்ட்டுக்குச் சொல்வது டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி (நிரல்கள் தொடங்கும்போது படித்துக்கொள்ளும் பெயரிட்ட மதிப்பு). கணினிப் பெயர், முக்காற்புள்ளி, டிஸ்ப்ளே எண், புள்ளி, ஸ்கிரீன் எண் என்பது அதன் வடிவம். இங்கே டிஸ்ப்ளே என்பது மானிட்டர் அல்ல. ஒரு சர்வரும் அதன் கீபோர்டு, மவுஸ், ஸ்கிரீன்களும் சேர்ந்த தொகுதி. ஸ்கிரீனும் மானிட்டர் அல்ல. இரண்டு மானிட்டர்களை இணைத்தாலும் இப்போது அவை ஒரே ஸ்கிரீனாகச் சேர்வதால், கடைசி எண் ஏறக்குறைய எப்போதும் 0. மூன்றையும் ‘திரை’ என்றே தமிழாக்கினால் படிப்பவர் வழிதவறுவார்.

பெயர் இல்லையென்றால் அதே கணினி. பெயர் இருந்தால் டிசிபி என்ற வலையமைப்பு நெறிமுறை வழி. போர்ட் எண் 6000-உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டினால் வருவது. தொலைக்கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச், இந்தச் சிறு கூட்டலை வைத்துச் செய்யும் வேலை மிக அழகானது. எக்ஸ் ஃபார்வர்டிங்குடன் (அங்கே ஓடும் நிரலின் ஜன்னலை இங்கே கொண்டுவரும் வசதி) உள்ளே நுழைந்தால், தொலைக்கணினியில் அந்த மாறி ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ ஆகிறது. 10-ஆம் டிஸ்ப்ளே என்று அங்கே எதுவும் கிடையாது! 6010 போர்ட்டில் எஸ்எஸ்ஹெச் சேவையே எக்ஸ் சர்வர் வேடமிட்டு உட்கார்ந்திருக்கிறது. கிளையன்ட் அதனிடம் வரையச் சொல்ல, அது மறையாக்கி உங்களுக்கு அனுப்ப, இங்கே உண்மையான சர்வர் வரைகிறது. 10-இல் தொடங்குவது, அந்தக் கணினியின் சொந்த டிஸ்ப்ளேக்களோடு மோதாமலிருக்க. சர்வரிடம் அனுமதி பெறக் கிளையன்ட் காட்டும் ரகசியக் குறியீடான குக்கியிலும் ஒரு நுட்பம் உண்டு: அங்கே போவது போலிக் குக்கி. இணைப்பு திரும்பி வரும்போது உங்கள் பக்கத்து எஸ்எஸ்ஹெச் அதைச் சரிபார்த்து, அந்த இடத்தில் உண்மைக் குக்கியை வைக்கிறது. உண்மையானது உங்கள் கணினியைவிட்டு வெளியேறுவதே இல்லை.

டிஸ்ப்ளேயைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வந்தால் முதலில் அந்த மாறியைப் பாருங்கள். காலியாக இருந்தால், தொலைக்கணினியில் குக்கிகளைக் கையாளும் எக்ஸ்ஆத் நிரல் இல்லாமலிருக்கலாம், அல்லது எஸ்எஸ்ஹெச் அமைப்புக் கோப்பில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் அணைந்திருக்கலாம். கையால் ‘:0’ என்று மாற்றச் சொல்லும் கையேடுகள் தவறு. அது தொலைக்கணினியின் சொந்த டிஸ்ப்ளே. ‘எக்ஸ்ஹோஸ்ட் +’ என்ற கட்டளையைப் போடச் சொல்பவை அதைவிட மோசம். அனுமதிச் சோதனையே நின்றுவிடும். உள்ளே வரும் எந்தக் கிளையன்ட்டும் நீங்கள் தட்டும் கடவுச்சொல்லைப் படிக்கலாம். அந்த வரி எந்தக் கையேட்டிலும் இருக்கக் கூடாது.

எக்ஸின் இடத்தைப் பிடித்துவரும் வேலண்ட்டுக்கு இந்தச் சொற்கள் அப்படியே பொருந்தா. வேலண்ட் ஒரு நெறிமுறை. ‘வேலண்ட்டை இயக்கவும்’ என்று எழுதினால் எதை இயக்குவது? இயங்குவது கம்பாசிட்டர்: நோம் டெஸ்க்டாப்பில் மட்டர், கேடிஇ டெஸ்க்டாப்பில் கேவின். சர்வரும் விண்டோ மேனேஜரும் அதில் ஒன்றாகிவிட்டன. பழைய நிரல்களுக்காக எக்ஸ்வேலண்ட் என்ற எக்ஸ் சர்வர் உள்ளே ஓடுவதால், டிஸ்ப்ளே மாறியில் அங்கும் ஓர் எண் தெரியும். அதை நம்பி எக்ஸ் என்று முடிவு கட்டாதீர்கள். எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்ற மாறியைப் பாருங்கள்.